ஆறு த்ராட்டிலுக்கு ஒரு கார்பன் பெட்டி

பி.எம்.டபிள்யூ ஈ46 எம்3 சி.எஸ்.எல். காரின் முன் பம்பரில் ஒரு பக்கம் மட்டும் ஒரு வட்டத் துளை இருக்கும். மறுபக்கத்தில் அதற்கு ஜோடி கிடையாது. அழகுக்காக வெட்டியிருந்தால் இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். காற்று வேண்டிய இடத்தில் மட்டும் வெட்டினார்கள். அந்தத் துளை போய்ச் சேரும் கார்பன் ஃபைபர் பெட்டிதான், சாலையில் ஓடும் கார்களுக்காகச் செய்த, இன்ஜினுக்குக் காற்றெடுத்துத் தரும் இன்டேக்குகளிலேயே தலைசிறந்தது என்பது என் கட்சி.

டர்போ அபிமானிகள் இதைக் கேட்டதும் எண்களை எடுத்து வைப்பார்கள். சாதா எம்3 343 குதிரைசக்தி, சி.எஸ்.எல். 360. டார்க் 365 நியூட்டன் மீட்டரிலிருந்து 370. பதினேழு குதிரைகளுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், ஒரு டர்போ காரில் மென்பொருளை மாற்றினாலே இதைப் போல மூன்று மடங்கு வருமே என்பார்கள். வரும்தான். அந்தப் பதினேழிலும் கேம்ஷாஃப்ட்டுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் பங்கு உண்டு, எல்லாம் பெட்டியின் சம்பாத்தியம் இல்லை. ஆனால் சாதா எம்3 காரின் எஸ்54 இன்ஜின் ஏற்கெனவே லிட்டருக்கு நூற்றைந்து குதிரைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. காற்றை அழுத்தித் திணிக்காமல், தானாக மூச்சு விடும் இன்ஜினிடம் அந்த உயரத்துக்கு மேல் ஒவ்வொரு குதிரையையும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

எங்கிருந்து பிடுங்கினார்கள் என்பதில்தான் ரசனை இருக்கிறது. 3,246 சி.சி. இன்ஜின் 8,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு இருநூறு லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. சாதா எம்3-யில் அவ்வளவு காற்றும் ஏர்-மாஸ் மீட்டரின் வழியாக நுழைந்து, ஒரு ரப்பர் முழங்கையில் திரும்பி, பிறகுதான் பிளாஸ்டிக் பிளீனம் என்ற காற்றறைக்கு வரும். சி.எஸ்.எல்.லில் அந்த மீட்டரையே தூக்கிவிட்டார்கள். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்தே எவ்வளவு காற்று வந்திருக்கும் என்று கணினி கணக்குப் போடும். ஒரு அழுத்த சென்சார் அதைச் சரிபார்க்கும். பந்தயக் காரின் வழக்கம் இது. தொழிற்சாலை உத்தரவாதத்தோடு விற்ற காரில் அதைச் செய்யத் துணிந்ததை நான் இன்னும் வியக்கிறேன்.

மீட்டர் போனதும் இடம் கிடைத்தது. அந்த இடம் முழுவதையும் பெட்டி எடுத்துக்கொண்டது. ஆறு சிலிண்டர்களுக்கும் தனித்தனி த்ராட்டிலோடு இருக்கும் ஆறு குழல்களின் வாய்களும் அந்த ஒரே அறைக் காற்றுக்குள் திறக்கின்றன. பற்றவைப்பு வரிசை 1-5-3-6-2-4. அதாவது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுப்பதே இல்லை. ஒன்று இழுத்த பள்ளத்தில் அதன் பக்கத்து சிலிண்டர் உடனே கை வைக்காது. வால்வு மூடும்போது குழலில் திரும்பி ஓடும் அழுத்த அலை, வாய் விளிம்பில் மோதித் திரும்பி, அடுத்த முறை வால்வு திறக்கும் தருணத்தில் வந்து சேர்ந்தால் காற்றைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகும். அறையின் கொள்ளளவு தப்பாக இருந்தால் அந்தக் கணக்கு முழுக்கக் கலைந்துவிடும். வீணைக்குக் குடம் எப்படியோ இந்த இன்ஜினுக்கு அந்தப் பெட்டி அப்படி.

ஹோண்டாக்காரர்கள் இங்கே குறுக்கே வருவார்கள். கே20 இன்ஜினில் நான்கு ட்ரம்பெட்டுகளைத் திறந்தபடி நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூடிய பானெட்டுக்கு அடியில் அந்த ட்ரம்பெட்டுகள் குடிப்பது ரேடியேட்டரைக் கடந்து வந்த சூட்டை. 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி ஏறத்தாழ ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். ட்ரம்பெட்டின் வளைவில் சம்பாதித்ததைப் போல எத்தனையோ பங்கை வெப்பம் தின்றுவிடுகிறது. பெட்டியும், அதற்கு வெளியிலிருந்து வரும் தனிப் பாதையும் இல்லாத இன்டேக்கை என்னால் பாதி வேலை என்றுதான் சொல்ல முடியும்.

பம்பர் துளையைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: வேகத்தில் காற்று முட்டிக்கொண்டு உள்ளே போய் அழுத்தம் கூட்டுகிறதாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த முட்டல் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200-ல் போனாலும் இரண்டு சதவீதத்தைத் தொடாது. துளை கொடுப்பது குளிர்ந்த காற்று. அதுவே போதுமான கொடை.

இதை நான் முதலில் கற்றது ஜெர்மன் காரில் இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் எஸ்டீம் கார்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், கோவையிலிருந்து வரும் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். கார் பிட்டுக்குள் வந்து நின்றதும் மற்றவர்கள் டயரைப் பார்க்க ஓடுவார்கள். அவர் பானெட்டைத் திறந்து நேராக இன்டேக் குழாயில் உள்ளங்கையை வைப்பார். என்னையும் ஒருமுறை கூப்பிட்டார். “தம்பி, தொட்டுப் பாருங்க. கை சுட்டுச்சுன்னா உள்ள போறது காத்தில்லீங்க, அனலுங்க.” அலுமினியத் தகட்டை வெட்டி மடக்கி, எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடு வராமல் அவரே ஒரு தடுப்பு கட்டியிருந்தார். ஃபில்டர் என்ன பிராண்டு என்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொன்னதில்லை.

இன்று ஃபில்டரின் பிராண்டைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் நல்ல பொருள்தான். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-ல் தொடங்கிய கே அண்ட் என் அதை மோட்டார் பந்தயத்தில் நிலைநாட்டியது. ஆனால் எண்ணெயை அளவில்லாமல் ஊற்றினால் ஏர்-மாஸ் மீட்டரின் நுண்கம்பியில் படிந்து அளவே பிசகும். பளபளக்கும் குரோம் குழாயும் கூம்பு ஃபில்டரும் வரும் அட்டையிலேயே, பத்து குதிரை கூடும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உலோகக் குழாய் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும். மாட்டிய அன்று இரைச்சல் கூடுவதால் வேகமும் கூடியதாகத் தோன்றும். கார் மாறாமல், சக்தியை அளக்கும் டைனோ மாறாமல், ஒரே நாளில் முன்னும் பின்னும் ஓட்டி எடுத்த இரண்டு கோடுகளைக் கேட்டால் விற்பவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஒலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில் பொதுமக்கள் தங்கள் காரை ஓட்ட அனுமதிக்கும் நாள்களில் பெரும்பாலான ரசிகர்கள் புருன்ஷென் வளைவில் கூடுவார்கள். நான் பிரைட்ஷைட் பாலத்தருகே போய் நிற்பேன். அங்கே பாதை தாழ்ந்து, உடனே மேட்டில் ஏறும். ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தே ஆக வேண்டும். சி.எஸ்.எல். ஏறும்போது சைலன்சர் சத்தம் பின்னால்தான் வரும். முதலில் வருவது முன்பக்கத்து ஒலி: நாலாயிரம் சுற்று வரை ஆழமான உறுமல், பிறகு அது விரிந்து, எட்டாயிரத்தை நெருங்கும்போது உலோகம் கிழிவதுபோல் ஆகிவிடும். கார்பன் சுவர் மெல்லியது, விறைப்பானது. உள்ளே ஆறு குழல்களும் எழுப்பும் துடிப்புகளை அது பஞ்சுபோல் விழுங்காமல் வெளியே விடுகிறது. ஒப்பிட வேண்டுமென்றால் மெக்லாரன் எஃப்1 காரைத்தான் சொல்ல முடியும். ஓட்டுநர் தலைக்கு மேலிருந்து காற்றெடுக்கும் அந்தக் காருக்கும் வி12 இன்ஜினைச் செய்தது பி.எம்.டபிள்யூவின் எம் பிரிவுதான். ஆனால் அதை எத்தனை பேர் கேட்டிருப்போம்? சி.எஸ்.எல். 1,383 கார்கள் வந்தன. அதிலும் இந்தியாவுக்கு இடமில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் பி.எம்.டபிள்யூ ஆலை 2007-ல் திறந்தபோது இந்தக் காரின் தயாரிப்பு முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே எம் பிரிவு 2011-ல் எம்5 காரில் இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர் வழியாக வாசிக்கத் தொடங்கியது. 2014-ல் எம்3-க்கும் டர்போ வந்தது, தனித்தனி த்ராட்டில்கள் போயின. புகை விதி, இரைச்சல் விதி என்று காரணங்கள் உண்டு, அவற்றின் நியாயம் தெரியாதவன் அல்ல நான். இருந்தாலும் போர்ஷே 2021-ல் 992 ஜிடி3 காருக்கு ஆறு தனி த்ராட்டில்களைக் கொடுத்து, விதிகளுக்குள்ளேயே இதைச் செய்யலாம் என்று காட்டிவிட்டது. ஸ்பீக்கர் ஒலி அவசியத்தால் வந்தது என்பதை அதற்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

சாதா எம்3 வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியின் நகலைத் தேடுகிறார்கள், அதில் மகிழ்ச்சியே. ஆனால் கார்பன்போல் தோன்றும் படலம் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிகளும் சந்தையில் கிடைக்கின்றன. உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மீட்டரைக் கழற்றிய பிறகு பழைய மென்பொருளோடு ஓட்டினால் அந்த இன்ஜின் தட்டுத் தடுமாறும். பெட்டியை வாங்கும் முன் நல்ல ட்யூனரைப் பிடியுங்கள், பம்பரிலிருந்து பெட்டிவரை காற்றுப்பாதையைக் கசிவில்லாமல் மூடுங்கள். அதற்கெல்லாம் பணம் போதாதென்றால் தொழிற்சாலைப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, காகித ஃபில்டரைக் காலத்தில் மாற்றி வாருங்கள். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டரைவிட அது எந்நாளும் மேல்.