ஒப்பந்தம் சொல்லாமல் விட்டது: பால்டிக் கடல் பற்றிய ஒரு பிரதியை வாசித்தல்

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குக் கடல் என்றால் நெய்தல். நிலமும் பொழுதும் முதற்பொருள். மீனும் பறவையும் வலை இழுப்பவரும் கருப்பொருள். அந்தப் பழக்கத்தோடு வேறொரு கடலின் பிரதியைப் புரட்டினேன். ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடலைப் பாதுகாக்க 1974 மார்ச் 22இல் ஹெல்சிங்கியில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அதன் முதல் பிரிவில் மீனும் இல்லை, பறவையும் இல்லை. சில வளைகுடாக்களின் பெயர்கள், கடல் எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் அட்சரேகை, அப்புறம் ஒரு சின்ன வாக்கியம்: உறுப்பு நாடுகளின் உள்நாட்டு நீர்ப்பரப்புகள் இதில் சேராது. சட்டம் படித்தவர்கள் இதை வழக்கமான வாசகம் என்று தாண்டிப் போய்விடலாம். பிரதிகளின் மௌனங்களை வாசிக்கப் பழகிய நாம் இங்கேதான் நிற்கவேண்டும்.

பால்டிக் ஏறத்தாழ மூடிய கடல். சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகள் வழியாகவே பெருங்கடலோடு தொடர்பு. தண்ணீர் முழுக்க மாற முப்பது வருஷம் வரை ஆகும். அதாவது ஒருவர் கொட்டியதை எல்லாரும் ஒரு தலைமுறைக்கு வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். இந்தக் கடலுக்காக 1974இல் ஏழு நாடுகள் உட்கார்ந்தன. சோவியத் யூனியன், போலந்து, கிழக்கு ஜெர்மனி ஒரு பக்கம். மேற்கு ஜெர்மனி, டென்மார்க் எதிர்ப்பக்கம். ஸ்வீடனும் பின்லாந்தும் இரண்டு அணியிலும் சேராதவை. பனிப்போர்க் காலத்தில் இரண்டு ஜெர்மனிகளும் ஒரே மேஜையில் இருந்தன. நிலம், கப்பல், காற்று என மாசு வரும் வழிகள் எல்லாவற்றையும் ஒரு கடலுக்காக ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்ததும் அதுவே முதல் தடவை. 'அறிவியல் அரசியலை வென்றது' என்று இதைக் கொண்டாடுவது வழக்கம்.

கொண்டாட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டி.டி.டி.யும் பி.சி.பி.யும் சேர்ந்து பால்டிக்கின் சீல்களை மலடாக்கின. வெண்வால் கழுகின் முட்டை ஓடுகளை மெலியவைத்தன. தடைகள் வந்தபின் சாம்பல் நிறச் சீல்களும் கழுகுகளும் எண்ணிக்கையில் மீண்டன. இதெல்லாம் வெறும் காகிதம் என்று கைகழுவிவிடுகிற சோம்பேறி விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. என் கேள்வி வேறு. எதைப் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டதால் இந்த ஒத்துழைப்பு சாத்தியமாயிற்று?

இரண்டு மௌனங்கள் தெரிகின்றன. ஒன்று, மேலே சொன்ன 'உள்'. நிலத்திலிருந்து வரும் மாசைக் குறைக்கவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் அந்த மாசு கடலில் கலக்குமுன் கடந்துவரும் உள்நீர் அந்தந்த அரசின் இறையாண்மைக்கு உட்பட்டது. அங்கே ஒப்பந்தம் பொருந்தாது, நோக்கம் நிறைவேற அரசுகளே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மௌனம் நான்காம் பிரிவில் இருக்கிறது: போர்க்கப்பலுக்கும் ராணுவ விமானத்துக்கும் இது பொருந்தாது. மீன்பிடிப் படகுக்கும் சரக்குக் கப்பலுக்கும் விதி உண்டு. அரசின் ஆயுதத்துக்கு இல்லை. மாசுபடுத்துகிறவர் யார் என்று வரையறுக்கும் அதிகாரம் கையில் இருப்பதால், அரசு தன்னை அந்த வரையறைக்கு வெளியே வைத்துக்கொள்கிறது.

இந்த இரண்டாவது மௌனத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு; கடலடித்தளமே அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் ரசாயன ஆயுதங்களைக் கொண்டுபோய்ப் பால்டிக்கில் கொட்டினார்கள். சுமார் 40,000 டன். பெரும்பகுதி 1947இலும் அதையொட்டியும் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே போடப்பட்டது. 1974 ஒப்பந்தம் இனிமேல் கடலில் கழிவு கொட்டக்கூடாது என்றது. ஏற்கெனவே கொட்டிய ஆயுதங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் போர்ன்ஹோம் மீனவர்களுக்குத் தெரியும். வலையில் களிமண் உருண்டை மாதிரி மஸ்டர்ட் வாயுக் கட்டிகள் ஏறிவந்தன; தொட்டவர்களின் கை வெந்தது. ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த ஹெல்காம் என்ற ஆணையம் இதுபற்றி முழு அறிக்கை தந்தது 1994இல்தான். உடம்பில் எழுதப்பட்டிருந்த அறிவு ஆவணமாக மாற இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

முதல் மௌனம் உடைந்தது. எப்படி உடைந்தது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். 1974இல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் மேஜையில் இல்லை. சோவியத்தின் 'உள்'ளாக இருந்தன. 1986இல் லாட்வியாவின் 'இலக்கியமும் கலையும்' என்ற வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. பால்டிக்கில் கலக்கும் தௌகவா ஆற்றின் குறுக்கே கட்டவிருந்த நீர்மின் நிலையத்தை எதிர்த்து இரண்டு பேர் எழுதியது. கவிதையும் நாடக விமர்சனமும் வருகிற பத்திரிகை! ஆயிரக்கணக்கில் கடிதங்களும் கையெழுத்துகளும் குவிந்தன; அடுத்த ஆண்டு மாஸ்கோ திட்டத்தைக் கைவிட்டது. 1987இல் எஸ்தோனியாவில் பாஸ்பரைட் சுரங்கங்களுக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆற்றைப் பற்றிய பேச்சு நாட்டைப் பற்றிய பேச்சாயிற்று. 1992இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது இந்த மூன்று நாடுகளும் தங்கள் பெயரிலேயே கையெழுத்திட்டன. புதிய பிரதியில் உள்நாட்டு நீர்ப்பரப்பும் சேர்ந்தது. இதற்கு அந்த இயக்கங்கள் மட்டும்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் 'உள்' என்று பூட்டிவைக்கப்பட்டதை முதலில் பொதுவில் பேசியவர்கள் அவர்கள்தான்.

இதையும் புனிதமாக்கிவிடக்கூடாது. சுரங்க எதிர்ப்பில் தண்ணீர்க் கவலையோடு, வேலைக்கு வரப்போகும் ரஷ்ய மொழிக்காரர்கள் பற்றிய அச்சமும் கலந்திருந்தது. விடுதலைக்குப் பின் எஸ்தோனியாவிலும் லாட்வியாவிலும் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. ஒரு 'உள்' உடையும்போது இன்னொரு 'வெளி' உண்டாகிறது.

இரண்டாவது மௌனம் அப்படியே இருக்கிறது. போர்க்கப்பல் விலக்கு 1992 பிரதியிலும் தொடர்ந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின், ரஷ்யா பங்கேற்கும் ஹெல்காமின் அதிகாரபூர்வக் கூட்டங்களை மற்ற உறுப்பினர்கள் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ன்ஹோமுக்கு அருகே நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பெருமளவு மீத்தேன் வெளியேறியது. போரை வெளியே நிறுத்திவைத்து எழுதிய பிரதிக்குள் போர் கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த விஷயங்களும் சேர்ந்து தேங்கின. உரச்சத்து பெருகிக் கடலடியில் ஆக்ஸிஜன் அற்றுப்போகும் பிரச்சினைக்கு 2007இல் வைத்த கெடு 2021. 2021இல் வைத்த கெடு 2030. கிழக்குப் பால்டிக்கில் காட் மீன் பிடிக்க 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போடவேண்டிவந்தது.

'விலக்கு கொடுக்காவிட்டால் யாருமே கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்களே' என்று கேட்கலாம். உண்மைதான். அந்தச் சமரசம் 1974இல் சீல்களைக் காப்பாற்றத் தேவைப்பட்டிருக்கலாம். தொடக்கத்துக்காகச் செய்த சமரசத்தை நிரந்தரமாக்குவதுதான் தவறு. 'உள்நீர்' விலக்கு பதினெட்டு வருஷத்தில் போய்விட்டது, அதைக் கேள்வி கேட்க ஆள் இருந்ததால். ராணுவ விலக்கைக் கேட்க அப்படி ஓர் இயக்கம் திரளவில்லை. எனவே எந்தக் கடல், எந்த ஆறு பற்றிய ஒப்பந்தம் கைக்கு வந்தாலும் முன்னுரையை விட்டுவிட்டு, 'இது இவற்றுக்குப் பொருந்தாது' என்கிற பிரிவை முதலில் தேடுங்கள். யார் அங்கே ஒளிந்திருக்கிறார் என்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள், சின்னப் பத்திரிகையானாலும் பரவாயில்லை. லாட்வியாவில் அது அப்படித்தான் தொடங்கியது.