பதில் வராதது இல்லாததாகுமா?

ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் மரக்காணம் வழியே செல்பவர் உப்பு விளைவதைக் காண முடியாது. பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். அதனால் அங்கே உப்பளமே இல்லை என்று சொல்லிவிடலாமா? கணிப்பொறிப் பாடங்கள் சில இத்தகைய தவற்றைத்தான் செய்கின்றன.

ஒரே சர்வரில் ‘எஸ்.க்யூ.எல். சர்வர்’ என்னும் தகவல்தள மென்பொருளைத் தனித்தனிப் பெயர்களில் பலமுறை நிறுவலாம். ஒவ்வொன்றும் ஓர் ‘இன்ஸ்டன்ஸ்’ எனப்படும். ஓர் அளத்தில் வரப்பிட்டுப் பிரித்த பாத்திகளைப் போல. எவை நிறுவப்பட்டுள்ளன என்றறிய ‘எஸ்க்யூஎல்சிஎம்டி -எல்’ என்ற கட்டளையே போதும் என்கின்றன அப்பாடங்கள். ஆனால் அக்கட்டளை வலையமைப்பில் கேள்வி எழுப்பி, வரும் பதில்களையே பட்டியலிடுகிறது. பதில் தரும் ‘பிரவுசர்’ சேவை நின்றிருந்தால் இன்ஸ்டன்ஸ் விடுபட்டுப் போகலாம்.

இது சிறு குறையன்று. 2003 ஜனவரி 25-இல் ‘ஸ்லாமர்’ என்னும் புழுநிரல் சுமார் 75,000 கணிப்பொறிகளைத் தாக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. எனினும், வேறு மென்பொருள்களுடன் சேர்ந்து வந்த சிறிய தகவல்தளம் தம் கணிப்பொறியில் இருப்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. இருப்பதே தெரியாதபோது திருத்துவது எங்ஙனம்?

விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் உள்ள ‘இன்ஸ்டன்ஸ் நேம்ஸ்’ என்ற பதிவு, இயங்காமல் நிற்பவற்றையும் காட்டும். 64 பிட் கணிப்பொறியில் 32 பிட் மென்பொருளுக்கான பகுதியையும் பார்த்தல் வேண்டும். மாணவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே. கட்டளை பிறகு வரட்டும்.