பெயர் வியன்னாவுக்கு, ஆட்டம் கல்கத்தாவுக்கு

ஹவுராவில் ரயில் ஓடத் தொடங்கி ஓராண்டுகூட நிறையாத 1855 மே மாதம். ஆற்றுக்கு அக்கரையில் கல்கத்தாவில், பாரிஸ்டர் ஜான் காக்ரேனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடினார் மகேஷ் சந்திர பானர்ஜி. நாட்டு விதிப்படி சதுரங்கம் பழகிய கிராமத்து அந்தணர். அந்த விதியில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ஜி6-இல் சிப்பாயை வைத்து, மந்திரியை ஜி7-க்குக் கொண்டுவரும் நிதானம் அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் மூன்றாவது நகர்வில் டி5! நடுப்பலகையில் நேரடி மோதல். குதிரைகள் வெட்டுப்பட்டதும் சி5. அடுத்து சி6-இல் குதிரை, ஜி4-இல் மந்திரி. எல்லாமே டி4 சிப்பாயை நெருக்கும் காய்கள். இன்று பயிற்சியாளர்கள் கற்றுத்தரும் குருன்ஃபெல்டு தற்காப்பு இதுவேதான். எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு இதைக் கொண்டு வியன்னாவில் அலெகைனை வென்றது 1922-இல், 67 ஆண்டுகள் கழித்து!

பானர்ஜி தோற்றார். தொடக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 14-ஆவது நகர்வில் யானை எஃப்8-இலிருந்து இ8-க்கு நகர்ந்தது. எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிரக் காவலில்லை. பி3-இல் நின்ற வெள்ளை ராணியின் பார்வை நேராக அந்தக் கட்டத்தில். காக்ரேன் குதிரையை ஜி5-க்கு ஏற்றினார். பானர்ஜி இ2 மந்திரியை வெட்டினார். குதிரை எஃப்7-இல் பாய்ந்தது. பானர்ஜியின் பதில், ஏ5-க்குக் குதிரை. ராணியைத் தாக்கும் நகர்வுதான், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. எச்6-இல் குதிரை வந்ததும் குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டை ஷா. ராஜா மூலைக்கு ஒதுங்க, ஜி8-இல் ராணி பலி. யானை அதை வெட்ட, குதிரை மீண்டும் எஃப்7-க்கு. தன் காய்களாலேயே அடைபட்ட ராஜாவுக்கு மேட்.

2010-இல் சோஃபியாவில் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஆனந்தும் இதே தற்காப்பை ஆடி டோபலோவிடம் தோற்றார். அங்கும் ராஜாவின் பக்கத்தில் பாய்ந்த குதிரைதான் ஆட்டத்தை முடித்தது. அதற்காக யாரும் தொடக்கத்தைப் பழிக்கவில்லை. ஆனந்த் பட்டத்தை 6.5–5.5 எனத் தக்கவைத்தார். குருன்ஃபெல்டு படிக்கும் மாணவர்களுக்கு, வியன்னா ஆட்டத்துக்கு முன்பாகவே இந்தக் கல்கத்தா ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டுங்கள்.