பத்திரணவை விட்ட பணம் எங்கே போனது?

2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்துக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் 43.40 கோடி இந்திய ரூபாயோடு போனது. அதில் 28.40 கோடியை இரண்டே பேருக்குக் கொட்டிக் கொடுத்தது. ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் 20 வயதுச் சகலதுறை வீரர் பிரசாந்த் வீர். மற்றவர் ராஜஸ்தானின் 19 வயது விக்கெட் காப்பாளர் கார்த்திக் ஷர்மா. ஆளுக்கு 14.20 கோடி. இருவரின் அடிப்படை விலையும் 30 இலட்சம்தான். அதுவரை இருவரும் ஐ.பி.எல்.லில் ஒரு பந்துகூட ஆடியதில்லை. அதே ஏலத்தில், ஒரு மாதத்துக்கு முன்பு சென்னை கைகழுவிவிட்ட நம் கண்டிப் பையன் மதீஷ பத்திரணவை 18 கோடிக்குக் கொல்கத்தா தூக்கிக்கொண்டு போனது. நம் காசில் 60 கோடிக்கு மேல். ஐ.பி.எல்.லில் இலங்கை வீரர் எவருக்கும் இவ்வளவு விலை போனதில்லை.

டித்வா புயலில் எங்கள் மலையகத்தில் மலை சரிந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில் உங்களுக்கு ஏலம் பார்க்க மனம் வந்ததா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். வந்தது. பாதை அறுந்து கிடந்த நாட்களிலும் கைத்தொலைபேசியில் உயிர் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திட்டினார்கள். லிந்துலைக் கடைத்தெருவில் ஓர் ஆட்டோக்காரத் தம்பி என்னிடம் கேட்டதுதான் இந்தப் பத்திக்குக் காரணம்: "அண்ணே, பதிமூணு கோடி அதிகம்னு பத்திரணவ விட்டாங்க, சரி. அப்ப பேர் தெரியாத பையனுக்குப் பதினாலு கோடி எப்புடிண்ணே?"

கேள்வி சரியான கேள்வி. பத்திரணவை 13 கோடிக்கு வைத்திருந்தால் சென்னையின் கையில் 30.40 கோடி மிஞ்சியிருக்கும். மற்ற இடங்களையும் நிரப்பவேண்டியிருந்ததால், இரண்டு பையன்களில் ஒருவரை வாங்கியிருக்கலாம், மற்றவரை விட்டிருக்கவேண்டும். ஆக, கணக்கு பத்திரணவா பணமா என்பதல்ல. பத்திரணவா கார்த்திக் ஷர்மாவா என்பதுதான். அதிலும் 1.20 கோடி கூடுதல்.

அமெரிக்காவின் பேஸ்போல் ரசிகர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு வரம்பைத் தாண்டினால் வரி மட்டும் கட்டவேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானியோடு பத்து வருடத்துக்கு 700 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டு, அதில் 680 மில்லியனைப் பிற்பாடு தருகிறோம் என்று தள்ளிவைத்தது. 2024, 2025 இரண்டு வருடக் கிண்ணமும் அவர்களுக்கே. சின்ன நகரத்து அணியின் ரசிகன் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் முதலாளி கஞ்சன் என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம். சென்னை ரசிகனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பத்து அணிக்கும் ஒரே அளவு பணம்: 2025க்கு 120 கோடி, 2026க்கு 125 கோடி. தோற்றால் பணம் போதவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. பணத்தைப் போட்ட இடம் பிழை என்றுதான் அர்த்தம்.

அந்த இடம் எது என்று 2024 ஒக்டோபரிலிருந்து பார்க்கவேண்டும். ருதுராஜ் கெய்க்வாட் 18, ரவீந்திர ஜடேஜா 18, பத்திரண 13, சிவம் துபே 12, தோனி 4. தக்கவைத்த ஐந்து பேருக்கு 65 கோடி. மிச்சமிருந்த 55 கோடியோடு ஜித்தா ஏலத்துக்குப் போனார்கள். 38 வயது அஸ்வினுக்கு 9.75 கோடி. 2015க்குப் பிறகு தாய்வீடு திரும்புகிறார் என்று எல்லோரும் உருகினோம். 9 ஆட்டங்களில் 7 விக்கெட் எடுத்துவிட்டு, ஓகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். ராகுல் திரிபாதிக்கு 3.40 கோடி. விஜய் சங்கர், தீபக் ஹூடா என்று எங்கோ எப்போதோ ஆடிய இன்னிங்ஸ்களை நினைவில் வைத்துக்கொண்டு கை தூக்கினார்கள். 18 வயதில் பெயர் வாங்கிய ஆப்கான் சுழல் பந்துவீச்சாளர் நூர் அஹமதை 10 கோடிக்கு எடுத்தது மட்டும் தங்கமான வேலை. 2025இல் 24 விக்கெட்.

விளைவு எல்லோரும் அறிந்தது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, பத்தாவது இடம். ஐந்து கிண்ணம் வென்ற அணி முதல் தடவையாகக் கடைசியில் நின்றது. 2008க்குப் பிறகு முதல் தடவையாகச் சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் தோற்றது. அதே மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103. அவர்கள் பதினோராவது ஓவரிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போனார்கள்.

சம்பளப் பேச்சு மலையகத்துக்குப் புதிதல்ல. 1,350 ரூபாய் நாட்சம்பளம் 1,550 ஆகும், வருகைக்கு அரசாங்கம் 200 தரும், கூட்டினால் 1,750 என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னதிலிருந்து எல்லா லயத்திலும் கணக்குத்தான் ஓடுகிறது. கிரிக்கெட் பார்க்கும்போதும் அந்தக் கண் எங்களை விட்டுப் போவதில்லை. தோட்டத்தில் கொழுந்து அன்றைக்கன்று நிறுக்கப்படும். சொன்ன கிலோ வந்தால் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். போன வருடம் மலைமலையாக எடுத்தேன் என்று சொன்னாலும், அடுத்த மாதம் எடுப்பேன் என்று சொன்னாலும் கணக்கப்பிள்ளை பேர் போடமாட்டார். அந்த முறையின் கொடுமை வேறு கதை. ஆனால் சென்னை நிர்வாகம் அதற்கு நேர்மாறாகப் போகிறது. 2024இல் நேற்றைய கொழுந்துக்குப் பேர் போட்டது. அடி வாங்கியதும் மிரண்டுபோய் 2025இல் நாளைய கொழுந்துக்குப் பேர் போட்டிருக்கிறது. இன்றைக்கு நிறுக்கிறவனுக்கு யார் போடுவது?

இதில் பத்திரண விவகாரம்தான் எனக்கு ஆறாதது. நம்மூர்க்காரன் என்ற பாசமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்கையும் பாருங்கள். 2022இல் அடம் மில்ன் காயப்பட்ட இடத்துக்கு 20 இலட்சத்துக்கு வந்தவர் கண்டி டிரினிட்டி கல்லூரிப் பழைய மாணவர். 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட், கிண்ணம். 2024இல் காயத்தோடு 6 ஆட்டங்கள் மட்டும். 13 விக்கெட், அதுவும் ஓவருக்கு எட்டு ஓட்டங்களுக்குக் குறைவாக. ஆகவே 13 கோடி அன்றைய நிலையில் அநியாய விலை இல்லை. 2025இல் பந்து கைவிட்டுப் போனது. கை இன்னும் கீழே இறங்கியது, வைட் பெருகியது, ஓவருக்குப் பத்துக்கு மேல் கொடுத்தார். 12 ஆட்டங்களில் 13 விக்கெட் எடுத்தும் அணிக்குச் சுமையாகத் தெரிந்தார்.

இடையில் என்ன நடந்தது? 2023, 2024 இரண்டு பருவத்திலும் சென்னையின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் டுவெயின் பிராவோ. கடைசி ஓவர்களை வீசியே பிழைத்த மனிதர். பத்திரணவை எந்த ஓவரில் கொண்டுவருவது, எப்போது யோர்க்கர், எப்போது வேகம் குறைந்த பந்து என்பதெல்லாம் அவரும் தோனியும் சேர்ந்து பார்த்துக்கொண்ட சமாசாரம். 2024 செப்டெம்பரில் பிராவோ கொல்கத்தாவின் ஆலோசகராகப் போய்விட்டார். அடுத்த மாதம் சென்னை பத்திரணவுக்கு 13 கோடி எழுதிவைத்தது. துப்பாக்கிக்குப் பணம் கட்டினார்கள். சுடத் தெரிந்தவரைப் போக விட்டார்கள். இப்போது 18 கோடி கொடுத்து அந்தத் துப்பாக்கியையும் வாங்கியது பிராவோ இருக்கும் அதே கொல்கத்தா. அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவர்கள் வாங்கியது 2025இன் பத்திரணவை அல்ல, திருத்தலாம் என்று நம்பும் ஒரு பத்திரணவை. திருத்தத் தெரிந்த ஆள் கையிலேயே இருக்கிறார்.

ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனதற்கு அழுதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் உடன்பாடும் இல்லை. 2023 இறுதியாட்டத்தில் மோஹித் ஷர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்த மனிதரை எப்படி மறப்பது? மறக்கவேண்டாம். ஆனால் 37 வயதை எட்டும் வீரரின் 18 கோடியையும் சாம் கரனின் 2.40 கோடியையும் கொடுத்துவிட்டு, முதல் மூன்று இடங்களில் எங்கும் ஆடக்கூடிய 31 வயது சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு எடுத்தது புத்தியான வேலை. பவர்பிளேயில் முடங்கிக் கிடந்த துடுப்பாட்டத்துக்கு அது தேவைதான். ராஜஸ்தானில் ஜடேஜா 14 கோடிக்கு இறங்கிவந்தார் என்பதிலேயே சந்தையின் தீர்ப்பு இருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் நிர்வாகம் இன்றைய நிறுவையைப் பார்த்தது.

பிறகுதான் தடம் புரண்டது. சாம்சன் விக்கெட் காப்பாளர். கார்த்திக் ஷர்மா விக்கெட் காப்பாளர். உர்வில் பட்டேல் விக்கெட் காப்பாளர். இத்தனைக்கும் மேலே, நாற்பத்து நான்கு வயதில் தோனி, அவரும் விக்கெட் காப்பாளர். உர்வில்லை விட்டுவிட்டு மற்ற மூவரை மட்டும் கூட்டினாலே 36.20 கோடி. மொத்தப் பணத்தில் கால்வாசிக்கு மேல் ஒரே கையுறைக்கு!

தோனியைப் பற்றி எழுதினால் லிந்துலையில் நடமாடமுடியாது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்து வருடம் சர்வதேசப் போட்டி ஆடாதவரைச் சர்வதேச அனுபவம் இல்லாதவர் கணக்கில் வைக்கலாம் என்ற பழைய விதி திரும்பி வந்ததால் அவர் 4 கோடிக்குக் கிடைத்தார். தாளில் பார்த்தால் அதைவிட மலிவு இல்லை. ஆனால் அவருக்கான உண்மையான செலவு பணத்தில் இல்லை, பதினொருவர் பட்டியலில் இருக்கிறது. பெங்களூருக்கு எதிராக ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு ஒன்பதாம் இலக்கத்தில் இறங்கி 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30 அடித்தார். கைதட்டினோம். அந்த 30 முன்னால் வந்திருந்தால் என்று கேட்கக்கூடாதாம், முழங்கால் இடம் கொடுக்காதாம். இடம் கொடுக்காதென்றால் அந்த இடத்துக்கு இன்னொரு துடுப்பாட்ட வீரரை எடுக்கலாம்தானே?

2025 தோல்விக்கு நடுவிலும் சென்னைக்கு இரண்டு நல்ல கண்டுபிடிப்பு வாய்த்தது. கெய்க்வாட் காயப்பட்ட இடத்துக்கு 30 இலட்சத்தில் வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே 7 ஆட்டங்களில் 240 ஓட்டங்கள். பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. ஜித்தா ஏலத்தில் 75 இலட்சத்துக்கே விலைபோகாத தென்னாபிரிக்கர் டெவால்ட் பிரெவிஸ், பருவத்தின் நடுவில் 2.20 கோடிக்கு வந்து 6 ஆட்டங்களில் 225. இருவரும் நெருக்கடியில் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள். மற்றவர் கண்ணில் படாததைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் தங்களிடம் இருக்கிறது என்று அந்த இருவரும் நிர்வாகத்துக்குக் காட்டியிருக்கவேண்டும். நிர்வாகம் படித்த பாடம் வேறு: இளசாக இருந்தால் போதும். எல்லோரும் கண் வைத்திருந்த இரண்டு இளைஞர்களை, எல்லோரையும் மிஞ்சிய விலைக்கு வாங்கி வந்தார்கள். பையன்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நாளைக்கே ஆளுக்கொரு சதம் அடித்தால் முதலில் வெடி கொளுத்துவது நாங்கள்தான்.

எங்கள் ஆத்திரத்தில் இன்னொரு நூலும் ஓடுகிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு அது புரியாது, கொழும்பில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. ரதல்ல மைதானத்தில் துரைமார் கிரிக்கெட் ஆடுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் முரளிதரன் 2008 முதல் 2010 வரை மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் பந்து வீசியபோது, அந்த அணி எங்களுடையது என்று முடிவாகிவிட்டது. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டு அரசு சொன்னபோது குலசேகரவும் அகில தனஞ்சயவும் வெளியூர் ஆட்டங்களுக்கு மட்டும் என்றானார்கள். 2022இல் மஹீஷ் தீக்ஷனவை 70 இலட்சத்துக்கு எடுத்ததற்கே அங்கே புறக்கணிப்புக் கூச்சல் எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்த எங்களுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. பிறகு பத்திரண வந்தார், சேப்பாக்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அது எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எந்த நிர்வாகத்துக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 2026 அணியில் எட்டு வெளிநாட்டவர் இருக்கிறார்கள். இலங்கையர் ஒருவரும் இல்லை.

பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி நான்கு ஓவரைப் பாருங்கள். 28 கோடியை இருவருக்குக் கொடுத்த பின் மிஞ்சிய 15 கோடியில் ராகுல் சஹருக்கு 5.20 போனது. அகீல் ஹொசைனுக்கு 2. வேகப்பந்துக்கு மட் ஹென்றி 2, சக் ஃபௌக்ஸ் 75 இலட்சம். ஹென்றி புதுப்பந்து வீரர். கலீல் அஹமதும் அன்ஷுல் கம்போஜும் தொடக்க ஓவர்களில்தான் கெட்டிக்காரர்கள். கடைசியில் வீசப் பழக்கப்பட்டவர் என்று சொல்ல 2 கோடிக்கு வைத்திருக்கும் நேதன் எல்லிஸ் ஒருவர்தான். நூர், பிரெவிஸ் இருவரும் நிச்சயம் என்றால் வெளிநாட்டவருக்கு மிஞ்சுவது இரண்டு இடம். அதில் ஒன்றை எல்லிஸுக்கு ஒதுக்கவேண்டும், ஒதுக்கினாலும் அவர் இரண்டு ஓவர்தான் தாங்குவார். மற்ற இரண்டுக்கும் ஜேமி ஓவர்டனையோ கம்போஜையோ கூப்பிடவேண்டும். மார்ச் கடைசியில் ஆட்டம் தொடங்கும்போது ஓட்டக்கணக்கைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் 17ஆவதும் 19ஆவதும் ஓவர் யார் கைக்குப் போகிறது என்றுதான் பார்ப்பேன். முதல் நான்கு ஆட்டத்தில் அந்த ஓவர்களுக்கு மூன்று வெவ்வேறு பெயர் வந்தால், ஏலத்தில் செய்த பிழைக்குச் சேப்பாக்கத்தில் வட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதிக்கொள்ளலாம்.