மணிக்கோபுரத்தில் ஏறினால் என்ன தெரியும்?

உயரமாக எதைக் கண்டாலும் நமக்கு ஏறிப் பார்க்கத் தோன்றும். ஏறின பிறகு எதைப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம். ‘நம்ம வீடு தெரியுதா பாரு’ என்று தேடுவோம். தெரியாது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நாவலில் பதில் இருக்கிறது. விக்தோர் ஹ்யூகோ 1831-ல் வெளியிட்ட நோத்ர தாம் கூனன் கதை. சினிமாவாகவோ கார்ட்டூனாகவோ பார்த்திருப்பீர்கள். புத்தகமாகப் படித்தவர்களில் பலர், மூன்றாம் பாகத்தில் ஒரு அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்திருப்பார்கள். முதல் தடவை நானும் குதித்தவன்தான்.

அந்த அத்தியாயத்தில் கதை அப்படியே நின்றுவிடுகிறது. ஹீரோ இல்லை, ஹீரோயின் இல்லை, வில்லன் பாதிரியாரும் இல்லை. ஆசிரியர் நம் கையைப் பிடித்து, இருட்டான சுழல் படிகளில் தடவித் தடவி மணிக்கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, 1482-ம் வருடத்துப் பாரிஸைக் காட்டுகிறார். ஆற்றின் நடுவே பழைய தீவு, ஒரு கரையில் பல்கலைக்கழகம், மறுகரையில் அரண்மனைகளும் கடைவீதிகளும். கூரை கூரையாக, பாலம் பாலமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகிறார்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம். கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு சொந்தக்காரராக அறிமுகப்படுத்தும் பெரியப்பா மாதிரி, ஒரு தேவாலயத்தையும் விடுவதில்லை. தன் காலத்துக் கட்டடங்களை அவர் திட்டும்போது கொஞ்சம் அநியாயமாகவும் திட்டுகிறார்.

ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று புரிந்தது. பெயர் தெரியாதவனுக்கு உச்சியிலிருந்து தெரிவது வெறும் உயரம்தான். பெயர் தெரிந்தவனுக்குத்தான் ஊர் தெரிகிறது. ஹ்யூகோ அத்தனை பெயர்களையும் அடுக்கியது, அவற்றில் பலவற்றை அவர் காலத்தில் இடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால். அந்த ஆத்திரம் வீண் போகவில்லை. பாழடைந்து கிடந்த நோத்ர தாமை 1840-களில் பழுது பார்க்க ஆரம்பித்ததில் இந்த நாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் ஆலயம் மறுபடி திறந்தது. 2025 செப்டம்பரிலிருந்து கோபுரத்திலும் ஏறலாம். 424 படி.

அத்தியாயத்தின் முடிவு இன்னும் விசேஷம். இவ்வளவு நேரம் கண்ணுக்கு வேலை கொடுத்தவர், கடைசியில் காதுக்கு மாறிவிடுகிறார். பண்டிகை நாள் விடியற்காலையில் ஊரின் எல்லா மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புவதைக் கேட்கச் சொல்கிறார். பிரமாதமான பக்கம். சிலிர்த்துப்போய் அடுத்த பாகத்தைப் புரட்டினால், அந்த மணிகளை அடிக்கிற க்வாசிமோடோ வருகிறான். மணியடித்து மணியடித்தே காது போனவன்! நமக்கு சங்கீதம், அவனுக்குச் செவிப்பறை. ஹ்யூகோ பெரிய எழுத்தாளர் என்று நான் நம்பியது இந்த இடத்தில்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னை சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம் 1896-ல் கட்டி முடித்தது, 155 அடி. அதை ஏறிப் பார்க்க வேண்டுமென்றால், மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பாருங்கள். 1977-ல் வந்த அந்த விளக்கம், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு 20 வருஷத்துக்கு மேல் பார்வையாளர்களுக்கு மூடிக் கிடந்து 2013 நவம்பரில் திறந்தது. படியேற வேண்டாம், லிஃப்ட் உண்டு. நான் போன அன்று கூட்டம். கடல் பக்கம் நாலு நிமிஷம், செல்ஃபி நாலு நிமிஷம். தெற்கே வெள்ளையாக நிற்கிற சாந்தோமை ‘அது என்ன சர்ச்?’ என்று ஒரு பையன் கேட்டான். அவன் அப்பாவுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிச் சொல்ல ஒரு ஹ்யூகோ அங்கே இல்லை.

பூட்டி வைப்பதே மேல் என்பவர்களையும் குறை சொல்ல மாட்டேன். 1981 டிசம்பர் 4, குதுப் மினாரின் படிக்கட்டில் விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்கு அப்புறம் யாரையும் மேலே விடுவதில்லை.

நான் வெள்ளகோவில்காரன். எங்களுக்கு மணிக்கோபுரம் கிடையாது, சிவன்மலை உண்டு. காங்கேயம் தாண்டிப் போக வேண்டும். சின்ன வயதில் அப்பாரு என்னைக் கூட்டிக்கொண்டு ஏறுவார். சாமி கும்பிட்டுவிட்டு, மதிலோரம் நிறுத்தி, கைத்தடியை நீட்டுவார். ‘அதா கண்ணு, அது சென்னிமல. இந்தப் பக்கம் ஊதியூர் மல. அதையுந் தாண்டிப் போனா தாராபுரம்.’ பிறகு எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்தத் தோட்டம் யார் கைக்கு மாறியது எல்லாம் வரும். ‘போதுங்க அப்பாரு, போலாம்’ என்று சிணுங்குவேன். ஹ்யூகோவின் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்த அதே ஆள்தானே!

இப்போது ஏறினால் கைத்தடி நீட்ட அப்பாரு இல்லை. மலைகளின் பெயர் எனக்குத் தெரியும், கிணறுகளின் கதை தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயரத்திலிருந்து எல்லாம் அழகாகத் தெரிகிறது என்பதே ஒரு ஆபத்து. சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. சில வருஷத்தில் திருப்பூர் சாயக்கழிவு அதில் தேங்கிவிட்டது. கரையில் நின்றவனுக்கு நாற்றம். மேலே நின்று பார்த்திருந்தால் வெயிலில் மின்னுகிற ஒரு ஏரி, அவ்வளவுதான். விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறி, 2011-ல்தான் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் ஏறிய படிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. பனியனின் வெளிநாட்டு விலைச்சீட்டில் அந்தக் கணக்கு வராது. க்வாசிமோடோவின் காது மாதிரிதான்.

அடுத்த தடவை சிவன்மலையோ கலங்கரை விளக்கமோ ஏறினால், முட்டி வலியைப் பொருட்படுத்தாத பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் கை நீட்டும் திசையில் பாருங்கள். ‘போலாம்’ என்று மட்டும் அவசரப்படாதீர்கள்.