இந்திரன் விட்டுப்போன வாள்

மந்திர ஆயுதக் கதை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மோதிரமோ, கறுப்பு வாளோ, சாபம் பிடித்த ஈட்டியோ, எது வந்தாலும் சுபஹு பாங்கு கேட்கும் வரை வாசிப்பேன். “கண் பொட்டையாப் போயிரும் மனே” என்று உம்மா ஏசி ஏசிக் களைத்துவிட்டார். எங்கள் ஊர் மாவடிப்பள்ளியில் இந்தக் கதைகளைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். கல்முனையில் கேம் விளையாடுகிற பொடியன்மாரிடம் பேச்சுக் கொடுத்தால் மட்டும் விடிய விடியத் தர்க்கம் நடக்கும். ஏந்தினவனின் மனசை ஆயுதம் கெடுக்கிறதா, கெட்ட மனசுதான் ஆயுதத்தைத் தேடிப் போகிறதா? எங்கள் தீராத வழக்கு இது.

இந்த வழக்கில் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் டோல்கினுக்கும் இல்லை, மூர்காக்குக்கும் இல்லை. வால்மீகி ராமாயணம், ஆரணிய காண்டம், ஒன்பதாம் சருக்கம். ராமனை எச்சரிக்கச் சொல்பவள் சீதை.

அடடா, என்ன கதை! காட்டிலே ஒரு தபசி. உண்மை பேசுகிறவர், சுத்தமான மனிதர். அவருடைய தவத்தைக் கெடுக்க இந்திரன் போர்வீரன் வேஷத்தில் வருகிறான். அப்சரஸ் இல்லை, புயல் இல்லை, பூதம் இல்லை. கையிலிருந்த நல்ல வாளொன்றை அமானிதமாகக் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான்! அமானிதம் என்றால் காப்பாற்ற வேண்டுமே. நேர்மையான மனிதர் வேறு. கிழங்கு பிடுங்கப் போனாலும் வாள், பழம் பறிக்கப் போனாலும் வாள். அதை விட்டு ஓரடி நகர்வதில்லை. நாள் போகப் போக மனம் முரடாகிறது, தவத்தில் நாட்டம் குறைகிறது, கொடுமை ருசிக்கத் தொடங்குகிறது. கடைசியில் நரகம்.

வாள் பேசவில்லை, மினுங்கவில்லை, கனவில் வந்து கூப்பிடவில்லை. அதில் ஒரு மந்திரமும் இருந்ததாக வால்மீகி சொல்லவில்லை. தபசியைக் கவிழ்த்தது அவருடைய நாணயம்தான்! இந்த இடத்தை முதன்முதலில் வாசித்தபோது எழும்பி முற்றத்தில் நடந்தேன், உட்கார முடியவில்லை.

ராமாயணத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்தவர் நீதியரசர் மு. மு. இஸ்மாயில். சரி, கதைக்கு வருவோம்.

மற்ற ஆயுதக் கதைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் 1961இல் அச்சுக்கு வந்தவன். மருந்து இல்லாவிட்டால் நிற்கவும் முடியாத வெளிறிய அரசன். அவனுடைய ஸ்டோர்ம்பிரிங்கர் வாள் வெட்டுப்பட்டவர்களின் உயிரைக் குடித்து அவனுக்குத் தெம்பு கொடுக்கும். அவன் நேசித்தவர்களையே தின்றுவிட்டு, கடைசியில் அவனையும் தின்னும். கேம் பொடியன்மாரின் செல்லப்பிள்ளை ஆர்தாஸ், 2002இல் வந்த வார்கிராப்ட் 3 இளவரசன். ஃப்ரோஸ்ட்மோர்ன் வாளை எடுத்தபிறகு தகப்பனையே கொல்கிறான். வாள்தான் கெடுத்தது என்பார்கள். நான் விடமாட்டேன். ஸ்ட்ராத்தோம் நகரத்துச் சனத்தை அவன் வெட்டித் தள்ளியபோது அந்த வாள் அவன் கையில் இருந்ததா? இல்லையே! டோல்கினின் மோதிரக் கதையில் இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு. போரோமிர் மோதிரத்தை ஆயுதமாக்க நினைத்து விழுகிறான், அவனுடைய தம்பி ஃபாராமிர் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தும் தொடவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்! படத்தில் ஃபாராமிரைத் தடுமாற வைத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி நம்ம பக்கம். காரைதீவால் ஏறி, சாய்ந்தமருது, கல்முனை தாண்டினால் பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோவிலில் 18 நாள் பாரதச் சடங்கு. வனவாசம், அருச்சுனன் தவநிலை, கடைசியில் தீமிதிப்பு. தவநிலை எதற்காக? பாசுபதத்துக்காக! உலகத்தையே எரிக்கக்கூடிய ஒரு மந்திர ஆயுதத்தை ஒருவன் கேட்டு நிற்பதை வருஷா வருஷம் ஊர் திரண்டு பார்க்கிற இடம் எங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது.

பாரதத்தில் அதற்குப் பிறகு வருகிற காட்சி இன்னும் அருமை. தேவலோகம் போய்த் திரும்பிய அருச்சுனனிடம், அந்த ஆயுதங்களைக் காட்டு என்று தருமன் கேட்கிறான். எந்த அண்ணனும் கேட்பதுதானே! அருச்சுனன் எடுக்கத் தொடங்கியதும் பூமி நடுங்குகிறது. நாரதர் ஓடிவந்து, இலக்கு இல்லாமல் தொடாதே என்று தடுக்கிறார். அருச்சுனனே வேடிக்கை காட்டப் பார்த்தான் என்றால் மற்றவன் எம்மாத்திரம்?

அந்த மற்றவன் அசுவத்தாமன். என் மனசுக்கு மிக நெருக்கமான கெட்டவன். துரோணர் பிரம்மசிர அஸ்திரத்தை அருச்சுனனுக்கு மனமாரச் சொல்லிக்கொடுத்தார், பெற்ற மகனுக்கு வேண்டாவெறுப்பாக. பிள்ளையின் குணம் தகப்பனுக்குத் தெரியும். அது கிடைத்த பிறகும் பயலுக்கு ஆசை அடங்கவில்லை. துவாரகைக்குப் போய்க் கண்ணனிடம், இதை எடுத்துக்கொண்டு உன் சக்கரத்தைத் தா என்கிறான். எடுத்துக்கொள் என்கிறான் கண்ணன். இடக்கையால் தூக்குகிறான், அசையவில்லை. வலக்கையால் முயல்கிறான், அதுவும் முடியவில்லை. எதற்குக் கேட்டாய் என்றால், உன்னோடே சண்டை பிடிக்கத்தான் என்கிறான்! இந்த ஒரு காட்சிக்காக சௌப்திக பருவத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். பிறகு பாண்டவர் துரத்தி வர, ஒரு புல்லை எடுத்து அதில் அந்த அஸ்திரத்தை ஏற்றி விடுகிறான். அருச்சுனனும் விடுகிறான். நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒரே அஸ்திரம், ஒரே குரு. விரதம் காத்த அருச்சுனனால் திருப்பி எடுக்க முடிகிறது, அசுவத்தாமனால் முடியவில்லை. அது பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருவிலே போய் விழுகிறது.

எறியத் தெரிவது அல்ல, திருப்பி எடுக்கத் தெரிவதுதான் வித்தை என்பதற்கு எங்கள் பள்ளிவாசல் பயான்களில் கேட்ட சம்பவம் ஒன்றும் உண்டு. மௌலானா ரூமி மஸ்னவியின் முதல் பாகத்தில் சொல்கிறார். அலி (ரழி) அவர்கள் எதிரியை வீழ்த்தி வாளை ஓங்கும்போது, அவன் அவர்களுடைய முகத்தில் துப்பிவிடுகிறான். அவர்கள் வாளைக் கீழே போட்டுவிடுகிறார்கள். துப்பிய பிறகு வெட்டினால் அது அல்லாஹ்வுக்காக இல்லை, சொந்தக் கோபத்துக்காக. எல்ரிக் ரசிகர்களே, இதற்குப் பக்கத்தில் வைக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

தபசியின் கதை இந்த எல்லாவற்றையும் ஒரு படி தாண்டுவது ஏன் என்பதை எனக்குக் காட்டியது எங்கள் வயல்வாடி. அறுவடை நெருங்கினால் இந்தப் பக்கம் யானை வரும். காவலுக்கு இருக்கிறவர்களிடம் யானைவெடி இருக்கும். மாமா பயந்த மனிதர், கோழி அறுக்கும்போதுகூட மற்றப் பக்கம் பார்ப்பவர். முதல் கிழமை அந்த வெடியைத் தொடவே கூசினார். பிறகு சாரன் மடிப்பிலே செருகிக்கொண்டு வரம்பில் நடப்பார், அடிக்கடி தடவிப் பார்ப்பார். ஓரிரவு தூரத்து இருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இண்டைக்கு ஆனையக் காணல்லியே மனே.” குரலில் இருந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம்! வெடி அவரிடம் ஒன்றும் ஓதவில்லை. மடியில் இருந்தது, அவ்வளவே. சீதை சொன்னதும் அதைத்தான். நெருப்போடு சேர்ந்த பொருள் மாறுவதுபோல ஆயுதத்தோடு சேர்ந்தவனும் மாறுவான் என்கிறாள்.

ஆகவே கல்முனைப் பொடியன்மாருக்கு என் தீர்ப்பு: இரண்டு கட்சியும் தோல்வி. ஆயுதத்தில் பேயும் வேண்டாம், ஆளிடம் கெட்ட புத்தியும் வேண்டாம். கூடவே வைத்திருந்தால் போதும்.

ஒன்பதாம் சருக்கத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள், பத்து நிமிஷமும் ஆகாது. அதோடு நிறுத்தாமல் பன்னிரண்டாம் சருக்கத்துக்கும் போங்கள். சீதை அவ்வளவு எச்சரித்த பிறகு, அங்கே அகத்தியர் ராமனுக்கு விஷ்ணுவின் வில்லையும், வற்றாத அம்பறாத்தூணிகளையும், பொன்னுறை போட்ட ஒரு வாளையும் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். தனித்தனியே வாசித்தால் பாதி ருசிதான்.