நோயைச் சொல்லாத கதைகள்

2004 நவம்பர் 30ஆந் திகதி, உலக எயிட்ஸ் தினத்திற்கு முந்திய நாள், நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் ஒரு சிறுகதைத் தொகுதி வெளியிடப்பட்டது. பெயர் ‘டெலிங் டேல்ஸ்’. தொகுத்தவர் தென்னாபிரிக்க எழுத்தாளர் நதீன் கோர்டிமர். எயிட்ஸுக்காக இசைக் கலைஞர்கள் மேடையேறிப் பணம் திரட்டுகிறார்களே, எழுதுகிறவர்கள் என்ன செய்தோம் என்ற கேள்வியே அவரை இதில் இறக்கியது. அவரோடு சேர்த்து 21 பேர் ஆளுக்கொரு கதையை ஊதியமின்றிக் கொடுத்தனர். அவர்களுள் கோர்டிமர், மார்க்கேஸ், சரமாகோ, குந்தர் கிராஸ், கென்சாபுரோ ஓஎ ஆகிய ஐவர் நோபல் பரிசு பெற்றவர்கள்.

வருமானம் தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளரின் சிகிச்சை உரிமைக்காகப் போராடிய இயக்கமொன்றுக்கு ஒதுக்கப்பட்டது. தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை ஒரு சில நிலையங்களுக்கு வெளியே வழங்க மறுத்த அரசாங்கத்தை நீதிமன்றுக்கு இழுத்து, 2002 இல் வென்ற இயக்கம் அது.

முதல் வாசிப்பில் எனக்கு ஏமாற்றமே. எயிட்ஸுக்கான நூலில் எயிட்ஸ் பற்றிய கதையே இல்லை. மாக்ரட் அட்வூட்டின் கதையில் மாத்திரம் பெயரற்ற ஒரு வைரஸினால் நண்பனொருவன் இறக்கிறான். பலர் ஏற்கெனவே வெளிவந்த கதையையே எடுத்துத் தந்திருக்கிறார்கள். பெரிய பெயர்களைக் காட்டிப் புத்தகம் விற்கும் ஏற்பாடோ என்றும் நினைத்தேன்.

என் எண்ணத்தைத் திருத்தியது கோர்டிமரின் ‘தி அல்டிமேட் சஃபாரி’. நோய்க்காக எழுதப்பட்டதல்ல அது. 1991 இலேயே அவரது தொகுதியொன்றில் இடம்பெற்றது. மொசாம்பிக் போரில் பெற்றோரை இழந்த ஒரு சிறுமி கதை சொல்கிறாள். கடைக்குப் போன தாய் திரும்பவில்லை. பாட்டியும் பாட்டனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குரூகர் வனவிலங்குப் பூங்காவினூடே நடக்கிறார்கள். பாட்டன் புல்லுக்குள் ஒதுங்கியவர் காணாமற் போகிறார். அகதி முகாமில் பாட்டி தலையில் செங்கல் சுமந்து பேரப்பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்குகிறாள். போர் என்பதை நீக்கி நோய் என்று போட்டுப் பாருங்கள். எயிட்ஸ் அநாதையாக்கிய ஆபிரிக்கப் பிள்ளைகள் பலரையும் வளர்த்தவர்கள் இத்தகைய பாட்டிமார்தாம். நமது உம்மும்மாமாரை அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கதையின் முடிவில் வெள்ளைக்காரர்கள் முகாமைப் படமெடுக்க வருகிறார்கள். பாட்டியிடம் கேள்வி கேட்கிறார்கள். அநாதையைப் பார்க்க வருபவனின் பார்வை எத்தகையது என்பதை அச்சிறுமியின் கண்ணால் நாம் காண்கிறோம். நிவாரணத்துக்கான தொகுதியொன்றில் இக்கதையை வைத்ததற்குத் துணிச்சல் வேண்டும். இந்நூல் வெளிவந்து 26 நாட்களில் வந்தது சுனாமி. அப்போது நானும் கவிதை எழுதினேன். சிறுவர்களின் மையித்துக்களை வரிக்கு வரி அடுக்கினேன். இன்று அதை எடுத்து வாசிக்கக் கூசுகிறது.

எனினும் என் முறைப்பாடு முற்றாகத் தீரவில்லை. நோயின் பெயரை மறைத்தல் சில வேளை வெட்கத்துக்குத் துணைபோகும். எச்.ஐ.வி.யுடன் பிறந்த நிகோசி ஜோன்சனை 1997 இல் பாடசாலையில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2000 இல் டர்பன் எயிட்ஸ் மாநாட்டு மேடையில் ஏறித் தன் நோயைப் பெயர் சொல்லியே பேசினான் அச்சிறுவன். மறு வருடம் 12 வயதில் மரணித்தான். அவன் சொன்னதை 21 பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். ஸூறத்துல் மாஊன் யத்தீமை விரட்டுபவனைச் சாடுகிறது. அந்த யத்தீமின் வாப்பா எதனால் மௌத்தானார் என்று அது விசாரிப்பதில்லை. நாம் முதலில் விசாரிப்பது அதைத்தானே! நம் கதைகளிலும் அந்த நோயாளிக்கு இடமில்லை.

தமிழுக்கு இத்தொகுதியிலிருந்து ஒரு கதையைக் கொண்டுவர விரும்பும் நண்பர்கள் மார்க்கேஸைப் பிறகு பார்க்கலாம். கோர்டிமரின் கதையை முதலில் எடுங்கள். அச்சிறுமியின் பேச்சு மிக எளிமையானது. மொழிபெயர்ப்பில் அதை அலங்கரித்து விடாதீர்கள்.